இரண்டு நிமிட ப்ரெலூட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சாயங்காலம் பியானோ வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அங்கே கிடைத்த ஒன்றைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

டீச்சர் இந்த மாதம் ஒரு சின்ன ப்ரெலூட் கொடுத்தார், அதாவது பியானோவுக்கான ஒரு குட்டி இசைத் துண்டு. ஒரு தாளின் இரண்டு பக்கம்தான், வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. எழுதியவர் சுர்லியோனிஸ், லிதுவேனியாக்காரர். முதல் தடவை கேட்டபோது போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் எழுதியது என்றே நினைத்தேன். சுர்லியோனிஸும் போலந்தின் வார்சாவில் இசை படித்தவர், அந்த வாசனை இருக்கத்தானே செய்யும். இடது கை ஓயாமல் ஏறி இறங்குகிறது. வலது கை அதன் மேல் கொஞ்சமே கொஞ்சம் பாடுகிறது. நடுவில் ஓரிடத்தில், மெட்டு இனி மேலே போய்விடும் என்று காத்திருக்கிறோம். போகவில்லை. பாதியில் தயங்கி, கிளம்பிய சுரத்துக்கே வந்துவிடுகிறது. அங்கே சத்தம் தேய வேண்டும், ஆனால் சுண்டுவிரலை எடுக்கக் கூடாது. மூன்று வாரமாக அந்த நாலு பார்களிலேயே (தாளத்தைப் பிரிக்கும் கட்டங்களிலேயே) இருக்கிறேன். எனக்குச் சலிக்கவில்லை, சேகர்.

அப்புறம் அவருடைய ஓவியங்களைப் பார்த்தேன். ஆமாம், மனிதர் ஓவியரும்கூட. கிட்டத்தட்ட 300 ஓவியங்கள். பலவற்றுக்கு சொனாட்டா, ஃபியூக், ப்ரெலூட் என்று இசை வடிவங்களின் பெயரையே வைத்திருக்கிறார். 1908-ல் வரைந்த 'கடல் சொனாட்டா' மூன்று படங்கள். கடைசிப் படத்தில் ராட்சத அலை ஒன்று வளைந்து நிற்கிறது, அதன் அடியில் சின்னச் சின்னப் படகுகள். அலையின் நுரையை உற்றுப் பார்த்தால் அவர் பெயரின் முதலெழுத்துகள் தெரிகின்றன! அலை இன்னும் விழவில்லை. அதைப் பார்த்துவிட்டு பியானோ முன் உட்கார்ந்தபோது அந்த நாலு பார்கள் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. மெட்டு தயங்கவில்லை, விழாமல் நிற்கிறது. அதுவரை நான் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. இடது கை அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சுர்லியோனிஸ் வளர்ந்த வீட்டில் பேசியது போலிஷ். லிதுவேனிய மொழியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மனைவி சோஃபியா. 1909-ல் கல்யாணம், அடுத்த வருஷம் பெண் குழந்தை. உடலும் மனசும் தளர்ந்து வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு சிகிச்சை இல்லத்தில் இருந்தவர், 1911-ல் நிமோனியாவில் போய்விட்டார். வயது 35. மகள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. இதை எழுதும்போதே கை கனக்கிறது.

டீச்சர் கொடுத்த தாளின் மேலே 'வி.எல்.' என்று போட்டு ஓர் எண் இருக்கிறது. வைட்டாடஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் என்ற இசை அறிஞர் சுர்லியோனிஸின் படைப்புகளுக்கு இட்ட வரிசை எண் அது. 1990-ல் லிதுவேனியா சுதந்திரத்தை அறிவித்தபோது நாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரேதான். இந்தப் பியானோ படைப்புகளைத் தானே வாசித்துப் பதிவும் செய்திருக்கிறார். தேடிக் கேள்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? சாப்பாட்டுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறேன். சுண்டுவிரல் அதற்குள் சரியாகிவிடும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
முரளி