108-ல் வந்த அண்ணாச்சிக்கு

அம்பாசமுத்திரத்திலிருந்து பச்சப்பிள்ளையைக் கொண்டுவந்த அண்ணாச்சி, பேர் சொல்லாமலே கிளம்பிட்டீங்க.

பிள்ளைக்கு நுரையீரலில் கோளாறில்லை. மூளைத்தண்டு சரியா வளராததால, கண் அசந்தா மூச்சுவிடச் சொல்லும் உத்தரவே வராது. வெறும் ஆக்சிஜன் வச்சா மானிட்டர்ல ஆக்சிஜன் அளவு 95 காட்டும். ஆனா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே இருக்கும். பலரும் ஏமாறுற இடம் இதுதான்.

யாரும் சொல்லாமலே, கையால அமுக்கி மூச்சு கொடுக்குற ஆம்பு (Ambu) பையை எடுத்தீங்க. தோளுக்கடியில் மடிச்ச துண்டு, கண்ணுல படாத மாஸ்க், நிமிஷத்துக்கு 40–60 தடவை, நெஞ்சு லேசா எழும்புற அளவுக்கு மட்டும் அமுக்கல். சேரன்மாதேவி தாண்டி வயிறு உப்பினதும், வாய்வழியா சின்னக் குழாய் விட்டு காத்தை எடுத்திருக்கீங்க. வயிறு உப்பினா நுரையீரல் விரிய இடமிருக்காதே!

பிள்ளை இப்போ வென்டிலேட்டர்ல. ஒருக்கா வார்டுப் பக்கம் வாங்க அண்ணாச்சி, அவ அம்மா உங்களைப் பாக்கணுமாம்.