பாலைக்குக் கன்று வேண்டாம், கடப்பாரை போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாலைவனங்களில் தன்னார்வப் பணி செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிற இளைஞர்கள் ஒரு வாரமாவது வறண்ட நிலத்துக்கு உழைக்கட்டும் என்ற யோசனையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டுரையில் உழைப்பு என்றாலே மரக்கன்று நடுவதுதான். எத்தனை கன்று, எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்ற கணக்கோடு கட்டுரையும் முடிந்துவிடுகிறது. கூடவே ஒரு படம், அதன் கீழே 'வெற்று நிலம்' என்று குறிப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புல் கொத்துகள் தெரிகின்றன, ஒரு புதர் தெரிகிறது, புதரடியில் ஏதோ பிராணி தோண்டிய வளை தெரிகிறது. குடியிருப்பவர்களைக் கேட்காமலே வீடு காலி என்று எழுதிவிட்டீர்கள்.

நான் காங்கேயம் பக்கத்துக் கிராமத்துக்காரன். வேலைக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தில் இருக்கிறேன். ஊரைச் சுற்றி சொனோரன் பாலைவனம். குளிர்காலச் சனிக்கிழமைகளில் இங்குள்ள தன்னார்வலர்களோடு மலைச்சரிவுகளுக்கு வேலைக்குப் போகிறேன். இதுவரை ஒரு கன்றுகூட நட்டதில்லை. பிடுங்குவதுதான் வேலை. அதிலும் வேடிக்கை, நாங்கள் பிடுங்குவது எங்கள் ஊர்ப் புல்.

கொழுக்கட்டைப் புல்லைத் தெரியாத கொங்கு விவசாயி இருக்கமாட்டார். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் முள்கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கு அடியில் வளர்கிற அதே புல். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அதைத் தின்றுதான் வளர்ந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரைக்கும் அது இயற்கையாகவே இருக்கிறது. வறட்சி தாங்கும், மழை ஒரு தூறல் போட்டால் துளிர்க்கும், எவ்வளவு மேய்ந்தாலும் மறுபடி வரும். இந்தக் குணங்களைப் பார்த்துத்தான் 1930, 40களில் மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் ஆகும் என்று அமெரிக்க அரசே அதைக் கொண்டுவந்து விதைத்துப் பார்த்தது. இங்கே அதன் பெயர் பஃபெல் புல். எல்லை தாண்டி மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பாலைவனத்தையே அழித்துப் பல லட்சம் ஏக்கரில் இதை மேய்ச்சலுக்காக விதைத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு போய் இறங்கியது என்று சொல்வார்கள். அங்கேயும் இப்போது இது தலைவலிதான்.

ஒரு புல்லுக்கு இத்தனை பயமா என்று கேட்கலாம். சொனோரன் பாலையில் செடிகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு கள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் மண்ணும் கல்லும். மின்னல் விழுந்து ஒரு மரம் பற்றினாலும் தீ அங்கேயே அடங்கிவிடும். அதனால் இந்தச் செடிகளுக்குத் தீயைத் தாங்கும் பழக்கமே கிடையாது. பஃபெல் புல் வந்து அந்த இடைவெளியை நிரப்புகிறது. காய்ந்தபின் சரிவு முழுக்க ஒரே வைக்கோல் படுக்கை. தீப்பிடித்தால் புல் வேரிலிருந்து திரும்ப முளைத்துவிடும், சவாரோ முளைக்காது.

சவாரோ என்பது படங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தப் பெரிய கள்ளி. முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே அதிகம். முதல் கை முளைக்க ஐம்பது, எழுபது வருடம் ஆகும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வாழும். சின்ன வயதில் பாலோ வெர்தே, மெஸ்கீட் மாதிரி ஒரு தாய்மரத்தின் நிழல் இல்லாவிட்டால் வெயிலிலேயே கருகிப் போகும். டொஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் ஜூன் கடைசியில் நீளக் கழியால் இதன் பழத்தைத் தட்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு அதோடுதான் புது வருடம் பிறக்கிறது. அந்தக் கழியும் செத்த சவாரோவின் உள்விலாவில் செய்ததுதான். இப்படிப்பட்ட ஒன்று எரிந்துபோனால் கன்று நட்டு ஈடுகட்ட யாருக்கு ஆயுசு இருக்கிறது?

2020 ஜூனில் மின்னலால் பற்றிய பிக்ஹார்ன் தீ, ஊருக்கு வடக்கே கட்டலினா மலையில் சுமார் 1,20,000 ஏக்கரை எரித்தது. அது முழுக்க இந்தப் புல்லால் வந்த வினை என்று சொன்னால் பொய். ஆனால் அடிவாரத்தில் கருகி நின்ற சவாரோக்களைப் பார்த்த பிறகு தன்னார்வலர்களைச் சேர்க்க யாரும் பெரிதாகப் பேசவேண்டி இருக்கவில்லை.

சரி, வேலை எப்படி இருக்கும்? காலையில் வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரத்தில் கூடுவோம். கையில் கடப்பாரை. பெயர்தான் இங்கே வேறு, மற்றபடி எங்கள் அப்பா குழி போடுகிற அதே இரும்புதான். தோல் கையுறை, முழுக்கை சட்டை, மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், அப்புறம் ஒரு சீப்பு. சீப்பு எதற்கென்று முதலில் எனக்கும் புரியவில்லை. 'குதிக்கும் கள்ளி' என்று ஒன்று உண்டு. லேசாக உரசினால் போதும், ஒரு துண்டு உடைந்து தொடையில் ஒட்டிக்கொள்ளும். கையால் எடுக்கப் போனால் கையிலும் ஏறும். சீப்பை அடியில் விட்டு ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும்.

எங்கள் குழுத்தலைவி எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. புதிதாக வருகிறவர்களை உடனே பிடுங்க விடமாட்டார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற உள்ளூர்ப் புற்கள் இருக்கின்றன. கதிரை எடுத்து விதைகளை உருவிப் போட்டுவிட்டு மிஞ்சும் காம்பை விரலால் நீவச் சொல்வார். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தால் பஃபெல். வழுக்கினால் கையை எடு. இந்தப் பரீட்சையில் தேறிய பிறகுதான் கடப்பாரை கைக்கு வரும். தூரின் அடியில் முனையைச் செருகி நெம்பினால் கழுத்தோடு முழுசாக வரவேண்டும். மேலே மட்டும் அறுந்தால் அடுத்த மழைக்கு அது மறுபடி நிற்கும். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி உதறி, கதிர் உள்ளதை மூட்டை கட்டிவிடுவோம்.

ஒரு முறை வீடியோவில் இதைப் பார்த்த என் அம்மா, "ஏஞ்சாமி, நல்ல புல்லைப் புடுங்கி மூட்டை கட்டறீங்களே, மாட்டுக்காச்சும் போடக்கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாட்டைக் காட்டித்தானே இதைக் கொண்டுவந்தார்கள். கொரங்காட்டில் வேலி இருக்கிறது, இந்தக் காடு மேய்ந்தால் அடுத்தது ஆறப்போடுவது என்று கணக்குப் பார்க்க ஒரு குடும்பம் இருக்கிறது, புல்லோடு சேர்ந்தே வளர்ந்த மரமும் பூச்சியும் இருக்கின்றன. இந்தச் செங்குத்துப் பாறைச்சரிவில் இது எதுவும் கிடையாது. சொனோராவில் மாடு மேய்ந்தும் விதை காற்றில் சாலையோரம் சாலையோரமாகப் பரவத்தானே செய்தது.

இதற்கு நேர் எதிர் ஜோத்பூரில் நடந்தது. நாம் சீமைக்கருவேலம் என்று திட்டுகிற மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் உடன்பிறப்பான மெஸ்கீட்தான் இங்கே சவாரோவுக்குத் தாய்மரம், இங்குள்ளவர்களுக்குச் செல்லமான மரம். தார்ப் பாலையிலோ அது விலாயதி பாபுல், எல்லாவற்றையும் அமுக்கிவிட்ட ஆக்கிரமிப்பாளி. மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய பாறை நிலத்தில் ராவ் ஜோதா பாலைப் பூங்காவை 2006-ல் தொடங்கியபோது, அதை உருவாக்கிய சூழலியலாளர் பிரதீப் கிருஷன் முதலில் செய்தது இந்த மரத்தை வேரோடு எடுத்ததுதான். எரிமலைப் பாறைக்குள் இறங்கிய வேரை எடுக்கத் தெரிந்தவர்கள் பரம்பரையாகக் கல் உடைக்கிற கண்ட்வாலியா தொழிலாளர்கள். உளியால் பாறையைச் செதுக்கி வேரை எடுத்தார்கள். அந்தக் குழிகளில்தான் பிறகு ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் வட்டாரத்தின் சொந்தச் செடிகள் போயின. ஆக, நடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் நட்டார்கள், என்ன நடுவது என்று தெரிந்து நட்டார்கள்.

ஜெய்சல்மேர் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. கானமயில் இருநூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. திறந்த புல்வெளியில் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து நடந்து விலகுகிற பறவை அது. தரையில் முட்டையிடும். அந்தப் புல்வெளியை மரக்காடாக்கினால் அதற்கு நிற்க இடம் இல்லை. மின்கம்பிகளில் மோதிச் சாவது ஏற்கெனவே நடக்கிறது, நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரம். அதற்கு மேல் நாமும் கன்றோடு போக வேண்டுமா?

பிடுங்கி என்ன ஆகப் போகிறது, மலை முழுக்க இருக்கிறதே என்று கேட்கிறவர்கள் இங்கேயும் உண்டு. கையால் பிடுங்கி மொத்தத்தையும் தீர்க்க முடியாதுதான். கால் வைக்க முடியாத சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். அதுவும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மழையில் புல் பச்சையாக இருக்கும்போதுதான் பிடிக்கும். இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை உண்டு. எனக்கும் அந்த மருந்து பிடிக்காது. ஆனால் வேறு வழி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கைவேலைக்கு உரிய இடங்கள் வேறு: நடைபாதை ஓரம், ஓடைக்கரை, புல் இப்போதுதான் காலூன்றுகிற புதுத் திட்டு. டூசான் மலைப் பூங்காவில் 2000 வாக்கில் தொடங்கிய தன்னார்வக் குழு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் சுத்தம் செய்த சரிவுகளில் உள்ளூர்ச் செடிகள் திரும்பியிருப்பதை நானே பார்க்கிறேன். விதை மண்ணில் சில வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். சலிப்பான வேலைதான். பத்திரிகையில் போட ஒரு படம்கூடத் தேறாது. பிடுங்கிய இடம் உங்கள் குறிப்பில் சொன்ன 'வெற்று நிலம்' போலத்தான் இருக்கும்.

குனிய முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. சவாரோ தேசியப் பூங்காவில் பத்து வருடத்துக்கு ஒரு முறை சவாரோக்களைக் கணக்கெடுக்கிறார்கள். முழங்காலுக்கும் கீழே, புதருக்குள் ஒளிந்திருக்கிற குட்டிகளைத் தேடிப் பிடிக்கப் பொறுமையான கண்கள் வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருந்தால் வரப்பில் நடந்துகொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கட்டுரையின் கடைசியில் தொடர்பு முகவரியோடு, அடுத்த முகாம் மே மாதம் என்று போட்டிருந்தீர்கள். பாலையில் மே மாதம் நட்ட கன்று எதுவாக இருந்தாலும் ஜூனைத் தாண்டாது, நடப் போன பிள்ளைகளுக்கும் வெயில் ஆபத்து. 2023-ல் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, சவாரோக்களே சாய்ந்து விழுந்தன. தார்ப் பக்கமும் மே மாதம் இதற்குக் குறைவில்லை. தேதியை நவம்பருக்குத் தள்ளச் சொல்லி, அங்கே இப்போது என்னென்ன வளர்கிறது என்ற பட்டியலையும் அமைப்பாளர்களிடம் வாங்கி அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயத்து வாசகர் ஒருவர்,
டூசான், அரிசோனா