மந்தையில் கல் திண்ணை: நன்கொடை வேண்டுகோள்

உள்ளூர், வெளியூர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊர் கூடும் இடமான மந்தையில், வேம்பைச் சுற்றி 12 கல் திண்ணைகளும், ஊருணிப் பாதையில் ஒரு சுமைதாங்கியும் வைக்கிறோம். நடுவில் சிலை வைக்கச் சிலர் கேட்டார்கள். ஸ்தபதியே வேண்டாம் என்றுவிட்டார். சிலை வைத்தால் கம்பிவேலி வரும், வேலி வந்தால் மந்தை போய்விடும். மதுரைப் புது மண்டபத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் காலத்தில் வசந்த விழாவுக்குக் கட்டியபோது, குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் தண்ணீர் நிறுத்த இடம் விட்டார்கள். யாளி செதுக்கியவர்களுக்கு வெயிலில் வருகிறவன் எங்கே ஒதுங்குவான் என்பதும் தெரிந்திருந்தது.

திண்ணைப் பலகை 6 அடி நீளம், 1½ அடி அகலம், 6 அங்குல கனம். எடை சுமார் 340 கிலோ. உட்காரும் உயரம் 17 அங்குலம். கூடினால் பெரியவர்களுக்குக் கால் தொங்கும், குறைந்தால் எழும்போது முட்டி பிடிக்கும். மழைத்தண்ணீர் நிற்காதபடி பின்பக்கம் கால் அங்குலம் வாட்டம். பாலிஷ் கிடையாது, ஈரத்தில் வழுக்கும். உளி கொத்திவிட்டு, வேட்டி சேலை மாட்டாதபடி விளிம்பை மட்டும் உருட்டித் தேய்ப்போம். வண்டியிலிருந்து இறக்குமுன் ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் சரி. சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல், கல் திரும்பிப் போகும்.

திண்ணையின் காலையும் பலகையையும் இரும்புக் கம்பியால் கோத்தால் துரு ஏறி உப்பி, சில வருஷத்தில் கல்லின் மூலை தெறிக்கும். அதனால் காலில் முளை, பலகையில் குழி வெட்டிப் பொருத்துகிறோம். வேம்பின் அடியில் 5 அடிக்குச் சிமென்ட் வராது. வேருக்குத் தண்ணீர் இறங்க வேண்டும்.

சுமைதாங்கி 4½ அடி உயரம். யாரும் கைகொடுக்காமலே புல்லுக்கட்டை இறக்கலாம், திரும்பத் தூக்கலாம். பிள்ளைத்தாச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அப்படிப் பறிகொடுத்த குடும்பம் கேட்டால் இந்தக் கல்லை அவர்களுக்கே விடுவோம்.

திண்ணை ஒன்றுக்கு ரூ. 14,500. சுமைதாங்கிக்கு ரூ. 18,000. அஸ்திவாரம், கிரேன், கூலி ரூ. 68,000. ஆக மொத்தம் ரூ. 2,60,000. நாலு வீடு சேர்ந்து ஒரு திண்ணை ஏற்கலாம். சரளை, டிராக்டர் நடை, இரண்டு நாள் ஆள்வேலை என்று தந்தாலும் வரவில் எழுதுவோம்.

கல்லில் பெயர் வெட்ட மாட்டோம். உங்கள் தாத்தா பெயர் மேல் ஊரே உட்காருவது நன்றாயிருக்காது; பெயர்கள் மந்தை அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 9 வரை பொருளாளர் வேம்படியில் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் தராதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் அஸ்திவாரம் முடிய வேண்டும், ஆவணிக்குள் தந்துவிடுங்கள்.

— கரைக்குழுவினர்