செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு கரைசல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. பட்டதாரிகளுக்குத் திறமை போதவில்லை என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பி.எஸ்சி. வேதியியலில் 82 சதவீதம் வாங்கிய ஒரு பெண் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ரப்பர் பால் கெடாமல் இருக்க அமோனியா சேர்ப்போம். அது எவ்வளவு இருக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். அதில் விட்ட மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டியின் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். "இதுக்கு மெத்தில் ரெட் எதுக்கு மக்களே, ஃபீனால்ப்தலீன் ஆகாதா?" என்று கேட்டேன். வலுக்குறைந்த காரம், வலுவான அமிலம் என்று தொடங்கி, தட்டாமல் சொன்னாள். ஆனால் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான ப்யூரெட்டின் திருகைப் பிடித்து ஒரு சொட்டில் நிறுத்த அவளால் முடியவில்லை. மூன்று வருடத்தில் ப்யூரெட்டை எத்தனை தடவை தொட்டிருப்பாய் என்றேன். "நாலு பேர் குரூப் சார். ஒருத்தன் செய்வான், நாங்க ரீடிங் எழுதிக்கிடுவோம்" என்றாள்.

கை பழகுவது பெரிய காரியமில்லை. இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறு ஒன்று. பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் விலை. நாங்கள் டி.ஆர்.சி. என்போம். ஒரே பாலிலிருந்து இரண்டு மாதிரி எடுப்போம். பத்து கிராம் நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிசாக அழுத்திக் கழுவி, 70 டிகிரி சூட்டில் உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். அவளுக்கு ஒன்றில் 33 வந்தது, மற்றதில் 35. "எது சரின்னு சொல்லுங்க சார், அதையே ரெண்டுக்கும் எழுதிருதேன்" என்றாள். 100 கிலோ பால் கொண்டுவந்தவருக்கு அந்த வித்தியாசம் இரண்டு கிலோ ரப்பர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டியவரின் காசு அது. அந்தப் பெண் ஏமாற்ற நினைக்கவே இல்லை. விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது, அதோடு ஒத்துப்போனால் போதும் என்று மூன்று வருடம் அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

நாங்கள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1989-இல், செய்முறைத் தேர்வன்று ஒவ்வொரு பிள்ளையின் குடுவையிலும் வேறு வேறு அளவு கரைசல் விடுவோம். ஒருவனுக்கு 12.4 மில்லி, பக்கத்தில் நிற்பவனுக்கு 16.8. அதை 100 மில்லியாக்கி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் குடுவையில் எவ்வளவு என்ற சீட்டு வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் பையில் இருக்கும். அப்புறம் பிள்ளைகள் கூடினார்கள், ப்யூரெட் கூடவில்லை. 40 பேருக்கு, ஒழுகாமல் இருந்தவை 14. எல்லாருக்கும் ஒரே கரைசலை ஊற்றத் தொடங்கினோம். "அண்ணா, ரீடிங் எவ்வளவு வரும்?" என்று காதோடு கேட்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பாஸாகிப் போகட்டும் என்ற இரக்கத்தில் சொன்னேன். அதன் பலனை இந்தச் சோதனைக்கூடத்துக்கு வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான், சீனியருடையதைப் பார்த்து எழுதியது.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி கொடுக்கத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நல்லதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் என் தங்கை மகன், கேரளத்தில் 2024-இல் வந்த நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறான். சரி, பயிற்சியைக் கூட்டட்டும், வருடத்தையும் கூட்டட்டும். தேர்வு மேசையில் எல்லாருக்கும் ஒரே கரைசல் என்றால், அந்தக் கூடுதல் வருடத்திலும் பிள்ளை பக்கத்து நோட்டைத்தான் பார்க்கும்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது, ஆளுக்கொரு கரைசலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எடுத்த ரீடிங்கை அந்த நிமிடமே பேனாவால் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கட்டும். அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். விடை தப்பினாலும், மூன்று ரீடிங்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு பிள்ளை யோசித்துச் சொன்னால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுப்பதை எடுத்து இதற்குக் கொடுக்கலாம். சோதிக்க ஊரிலேயே பொருள் இருக்கிறது. அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கச் சொன்னால், விடை எந்தச் சீனியர் நோட்டிலும் இருக்காது.

நேரமில்லை, ஆளில்லை என்பார்கள். 20 பேருக்குத் தனித்தனிக் குடுவை தயார் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் போதும். இந்த மாவட்டத்தில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் தேர்வன்று காலை ஏழு மணிக்கே வந்து செய்து தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.