பாப்போன் ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள்

பிரான்ஸ் தேசியப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச் 28 அன்று 67 பேர் ஆதரிக்க, 11 பேர் எதிர்க்க, உங்கள் அவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961 அக்டோபர் 17 அன்று, அப்போது பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவைச் சேர்ந்தவர்கள் மீது பாரிஸில் நடந்த கொலைவெறி ஒடுக்குமுறையை அது கண்டிக்கிறது. இத்தனை காலம் கழித்தாவது வந்ததே என்று நிம்மதி அடைந்தேன். ஆனால் தீர்மானம் குற்றத்தை அப்போதைய பாரிஸ் போலீஸ் தலைவர் மொரிஸ் பாப்போனின் தலையில் மட்டும் இறக்கி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அல்ஜீரியர்கள் இரவு எட்டரை முதல் காலை ஐந்தரை வரை தெருவில் நடமாடக் கூடாது என்று பாப்போன் போட்ட உத்தரவை எதிர்த்துத்தான் அன்று மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸார் பிடித்து நகரப் பேருந்துகளில் அள்ளிச் சென்றார்கள். பலரை அடித்துச் சேன் நதியில் வீசினார்கள். விளையாட்டு அரங்கில் அடைக்கப்பட்டவர்களை மூன்றாம் நாள் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். அன்று மாலை அங்கே அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸின் கச்சேரி இருந்தது; அரங்கைச் சுத்தம் செய்தாக வேண்டும்! அரசு சொன்ன சாவுக் கணக்கு முதலில் 2, பிறகு 3. வரலாற்றாளர்களின் கணக்கோ பல பத்துகளில் தொடங்கி இருநூறு வரை போகிறது.

பாப்போனுக்கு மேலே உள்துறை அமைச்சர் ரோஜர் ஃப்ரே இருந்தார். அவருக்கு மேலே பிரதமர் மிஷேல் தெப்ரே, அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் தெ கோல். தங்களுக்குத் தெரியாமல் நடந்த அத்துமீறல் என்று கருதியிருந்தால் அந்த ஆளைப் பதவியிலிருந்து தூக்கியிருப்பார்கள். பாப்போனோ 1967 வரை அதே நாற்காலியில் இருந்தார். 1978-இல் அமைச்சரும் ஆனார். இந்த இரவு பற்றிய வழக்குகள் பொதுமன்னிப்பில் கரைந்தன. 1998-இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது இரண்டாம் உலகப் போரின்போது போர்தோ நகரிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதற்கு; இந்த இரவுக்காக அல்ல.

அப்போது யாருக்கும் தெரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில் இருந்தன. பெரும்பாலான நாளேடுகள் முதலில் போலீஸ் தந்த செய்தியையே அச்சிட்டன. உண்மையைச் சொன்ன புத்தகத்தையும் படத்தையும் அரசு பறிமுதல் செய்தது. ஆனால் உங்கள் அவையில் அந்த அக்டோபரிலேயே ஒரு குரல் எழுந்தது. நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தின் அவமானத்தைப் பார்த்தோம், இனி முஸ்லிம்களுக்கு மஞ்சள் பிறை என்ற அவமானத்தையும் பார்க்க வேண்டுமா என்று ஃப்ரேயின் முகத்துக்கு நேரே கேட்டார் உறுப்பினர் க்ளோதியுஸ் பெத்தி. உங்கள் அவைக்குறிப்பைப் புரட்டினால் கிடைக்கும்.

வரலாற்றாளர் எய்னோதி மீது பாப்போன் போட்ட அவதூறு வழக்கு 1999-இல் விசாரணைக்கு வந்தபோது, பிரிஜித் லேனே, ஃபிலிப் கிராந் என்ற இரண்டு ஆவணக்காப்பாளர்கள் எய்னோதிக்காகச் சாட்சி சொன்னார்கள். பாப்போன் தோற்றார். சாட்சி சொன்ன இருவரையும் அவர்களுடைய மேலிடம் பல ஆண்டுகள் வேலை தராமல் ஒதுக்கி வைத்தது. குற்றம் முடிந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த பழிவாங்கல் இது. இதை எந்தப் பாப்போன் செய்தார்?

சான் மிஷேல் பாலத்தருகே 2001-இல் பாரிஸ் நகராட்சி பதித்த பலகை, அல்ஜீரியர்கள் பலர் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. கொன்றது யார் என்று சொல்லவில்லை. உங்கள் தீர்மானம் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறது. மீதிப் பெயர்களையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இது அரசு செய்த குற்றம் என்று சட்டமாகவே எழுதுங்கள். அக்டோபர் 17-ஐ அதிகாரபூர்வ நினைவு நாளாக அறிவியுங்கள். லேனே, கிராந் இருவருக்கும் நேர்ந்ததற்கு அவையில் வருத்தம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தீர்மானத்தைப் படித்த ஒரு தமிழ் வாசகர்