சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மலேசியாவில் பண்டிகை நாளில் எல்லா இனத்தவரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி இன ஒற்றுமையை அளக்கிறார்கள். விருந்து முடிந்தால் அவரவர் கதவு சாத்திக்கொள்ளும். கோலாலம்பூரின் பி.பி.ஆர். எனப்படும் அரசு மலிவு வாடகை அடுக்குமாடிகளில் கேட்க வேண்டியது வேறு: ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எதிர்வீட்டு மலாய்க்காரரிடமோ சீனரிடமோ கொடுப்பீர்களா?

1975இல் இரவு ரோந்துக்குத் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்புக்கு 2012இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், அதன் கூட்ட அறிவிப்பை மலாயில் மட்டும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால் மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அது வெறும் காகிதம். இரவு ஷிப்ட் போகிறவரும் வரமாட்டார். மாடிக்கு ஒரு பிரதிநிதி, வாட்ஸ்அப்பில் மலாய், தமிழ், சீன மொழிகளில் குரல்பதிவு, ஞாயிறு காலைக் கூட்டம்: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. விருந்தை விட, பழுதான லிஃப்டுக்காகச் சேர்ந்து புகார் எழுதும்போதுதான் அண்டை வீட்டார் பெயர் மனத்தில் நிற்கிறது. ஒற்றுமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது இத்தகைய வேலைகளுக்குப் போகட்டும்.

வாசகர், செந்தூல், கோலாலம்பூர்