கோல் பட்டியலில் இல்லாத கேப்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும் ஹாக்கிச் செய்திகளைத் தவறாமல் படித்துவரும் வாசகன் என்ற முறையில், அவற்றில் தொடர்ந்து காணப்படும் ஒரு குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எந்தப் போட்டியானாலும், எத்தனையாவது நிமிடத்தில் யார் கோல் அடித்தார், கோல் கீப்பர் எதைத் தடுத்தார் என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகிறது. நடுகளத்தில் ஆடுகிறவர்களுக்கு அதில் இடமே இருப்பதில்லை. இந்தியாவுக்காக 400-க்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் ஆடிய நடுகள வீரர் மன்பிரீத் சிங் களத்தில் உண்மையில் என்ன செய்தார் என்று கேட்டால், விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிப்பவர்கள்கூட விழிப்பார்கள்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்ற கணக்கில் வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றோம். ஒரு கட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த ஆட்டம் அது. சிம்ரன்ஜீத் இரண்டு கோல், ஹர்திக், ஹர்மன்பிரீத், ருபிந்தர் பால் ஆளுக்கு ஒரு கோல், கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பைத் தடுத்த கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ்: அன்றைய வெற்றி நம் நினைவில் நிற்பது இப்படித்தான். அணியின் கேப்டன் மன்பிரீத்தின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் தலைமையில் 2017-இல் டாக்காவில் மலேசியாவை 2-1 என வென்று ஆசியக் கோப்பையைப் பெற்றபோதும் இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்கள் ரமன்தீப்பும் லலித் உபாத்யாயும்தான்.

ஜலந்தரை ஒட்டிய மித்தாபூர் கிராமத்தில் 1992-இல் பிறந்தவர் மன்பிரீத். முன்னாள் கேப்டன் பர்கத் சிங்கின் ஊரும் அதுவே. 2011-இல் இந்திய அணிக்குள் வந்தவர், அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். அங்கே இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் 12 அணிகளில் கடைசி இடம் பெற்றது. 2016-இல் ரியோவில் 8-ஆம் இடம், டோக்கியோவிலும் பாரீஸிலும் வெண்கலம். இந்த நான்கு ஒலிம்பிக்கிலும் களமிறங்கியவர் என்பதால், இந்திய ஹாக்கி எந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது என்பதை அவருடைய வாழ்க்கையைச் சொன்னாலே சொல்லிவிடலாம். 2019-ஆம் ஆண்டின் உலகின் சிறந்த ஹாக்கி வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. கோல்களை எண்ணித் தரப்பட்ட விருதாக அது இருந்திருக்க முடியாது.

நடுகள வீரர் செய்யும் வேலை கண்ணுக்குப் படாதது அல்ல. பார்க்கப் பழகாததால் தவறிப்போகிறது. எதிரணி நெருக்கும்போது பின்கள வீரர் பந்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் தடுமாறுவார். அப்போது நடுகள வீரர் பாதி திரும்பிய நிலையில் பந்தை வாங்கத் தோதான இடத்தில் வந்து நின்று, பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கும் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுவார். வழி இல்லையென்றால், வாங்கிய பந்தை வந்த இடத்துக்கே திருப்பித் தள்ளுவார். கேலரியில் உடனே முணுமுணுப்பு எழும். ஆனால் அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு எதிரணி வீரர் ஒருவர் நான்கடி முன்னே வந்திருப்பார். அவர் விட்டுவந்த இடைவெளி வழியாகத்தான் அடுத்த பந்து எதிரணியின் பகுதிக்குள் போகும். அங்கிருந்து பெனால்டி கார்னர் கிடைத்து, பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கில் கோல் விழும்போது, செய்தியில் டிராக் ஃபிளிக் அடித்தவர் பெயர் மட்டும் மிஞ்சும்.

2024 பாரீஸ் ஒலிம்பிக் காலிறுதி இதற்கு நல்ல சான்று. கிரேட் பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17-ஆவது நிமிடத்தில் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதமிருந்த 40 நிமிடங்களுக்கும் மேலாக இந்தியா பத்துப் பேரோடு ஆட வேண்டியதாயிற்று. மன்பிரீத் தம் வழக்கமான இடத்தை விட்டுப் பின்களத்துக்கு இறங்கினார். ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றோம். மறுநாள் ஹர்மன்பிரீத்தின் கோலையும் ஸ்ரீஜேஷின் தடுப்புகளையும் எல்லோரும் கொண்டாடினார்கள், அது நியாயமே. ஆனால் பல ஆண்டுகள் கேப்டனாக இருந்துவிட்டு, 2022 இறுதி முதல் இன்னொருவர் தலைமையின்கீழ் ஆடிவந்த ஒருவர், நெருக்கடியான ஓர் ஆட்டத்தின் நடுவில் தமக்குப் பழக்கமான இடத்தையும் விட்டுக்கொடுத்து ஆடியதற்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

இது மன்பிரீத்தோடு தொடங்கிய வழக்கம் அல்ல. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன் அஜித்பால் சிங், நடுகளத்தின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃப். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர்கள் சுர்ஜித் சிங்கும் அசோக் குமாரும். 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அவரும் ஹாஃப் எனப்படும் நடுகள வரிசையில் ஆடியவரே. அன்றைய நான்கு கோல்களும் சோதி, கௌசிக், ஷாஹித் ஆகியோருடையவை.

நடுகளத்தாரைப் பாராட்ட மட்டுமே இடம் கேட்கிறேன் என்று தாங்கள் எண்ண வேண்டாம். மன்பிரீத் தலைமையில் தோல்விகளும் இருந்தன. 2018-இல் சொந்த மண்ணில், புவனேஸ்வரத்தில் நடந்த உலகக் கோப்பையின் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 எனத் தோற்றோம். டோக்கியோவிலேயே லீக் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 எனச் சரிந்தோம். 2022 காமன்வெல்த் இறுதி ஆட்டத்தில் அதே ஆஸ்திரேலியா 7-0 என நம்மை வீழ்த்தியது. ஏழு கோல் வாங்கிய ஆட்டத்தில் நடுகளம் எங்கே நின்றது, பந்து ஏன் திரும்பத் திரும்பப் பறிபோனது என்று கேட்டு எழுதினால், அது கேப்டனுக்கும் அணிக்கும் மரியாதை செய்வதாகவே இருக்கும். கோல் விழுந்த நிமிடங்களை மட்டும் அடுக்கும் செய்தியில் புகழும் சேர்வதில்லை, பழியும் சேர்வதில்லை.

2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக மன்பிரீத்தும் ஒரு கோல் அடித்தார். அதனால் அன்றைக்கு அவர் பெயர் செய்தியில் இடம்பெற்றது! அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் அதே ஆட்டத்தில் கோல் அடித்தது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டிகளும் சென்னையிலும் மதுரையிலும் நடந்தேறின. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டையோடு மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முன்களத்தில்தான் ஆட ஆசைப்படுகிறார்கள். கோல் அடித்தால்தான் பேப்பரில் பெயர் வரும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே, தங்கள் விளையாட்டுப் பிரிவு ஹாக்கிச் செய்தி வெளியிடும்போது, கோல் விவரங்களுக்குக் கீழே நடுகளத்தில் யார் ஆடினார்கள், பெனால்டி கார்னரைப் பெற்றுத் தந்த நகர்வு யாரிடமிருந்து தொடங்கியது என்பதை மூன்று, நான்கு வரிகளில் சேர்த்து வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்திய அணி ஆடும் பெரிய போட்டிகளில் தொடங்கினாலே போதும். மாநிலப் போட்டிகளுக்குப் பிறகு விரிவுபடுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோவில்பட்டி.